பின் தொண்டை இரண்டும் திறக்கும்போது

மிச்சிகன் மாநிலத்தில் லான்சிங் நகரத்தை ஊடுருவிப் போகிற 496-ஆம் எண் நெடுஞ்சாலைக்கு ஆர்.இ. ஓல்ட்ஸின் பெயர்தான். அவர் தொடங்கிய ஓல்ட்ஸ்மொபைல் கம்பெனியின் கடைசிக் கார் 2004 ஏப்ரல் 29 அன்று இதே ஊரில்தான் பட்டறையை விட்டு வெளியே வந்தது. அந்தச் சாலையில் ஏறுகிற ஒரு சரிவுப்பாதையில், நான் வாங்கி ஒரு வாரமே ஆகியிருந்த 1972 ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ் சுப்ரீமின் ஆக்சிலேட்டரை முதல் தடவையாகத் தரை வரைக்கும் மிதித்தேன்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. இன்ஜின் சத்தம்கூட ஒரு கணம் உள்ளே போய்விட்டது, தும்மல் வருவதற்கு முன்னால் மூச்சு நிற்குமே, அந்த மாதிரி. அப்புறம் ஒரு உதை. சீட்டோடு சேர்த்து முதுகு பின்னால் போனது. பானட்டுக்கு அடியிலிருந்து ஆழமான ஒரு ஊதல் கிளம்பியது. நான் கோயம்புத்தூர்க்காரன். விடியற்காலையில் மில் சங்கு பிடிப்பதைக் கேட்டு வளர்ந்தவன். தூரத்துச் சங்கு ஆரம்பிக்கும்போது அடிக்குரலில் தொடங்கி மேலே ஏறும். அதே குரல், ஆனால் காலுக்கு நாலடி தூரத்தில். இந்தக் காரை வாங்கியதற்கு இது ஒன்றே போதும் என்று அன்றைக்குத் தோன்றியது.

அந்த உதைதான் காரின் கோளாறு என்று புரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது.

புரிய வைத்தது என் மகள். பதினாறு வயது, ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். ஆள் இல்லாத ஒரு நேர் சாலையில் 30 மைல் வேகத்திலிருந்து 60 மைல் வர எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் குறித்துக்கொண்டே வந்தாள். ஒரு தடவை பட்டென்று மிதிப்பேன், ஒரு தடவை இரண்டு விநாடி எடுத்து மெல்ல அமுக்குவேன். ஆறேழு தடவை ஆனதும் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா, நீங்க மெதுவா மிதிச்சப்பதான் சீக்கிரம் வந்திருக்கு. சத்தம் அதிகமா வந்த தடவை எல்லாம் லேட்டு."

நான் நம்பவில்லை. இன்னும் நாலு தடவை ஓட்டினோம். அவள் சொன்னதுதான் சரி.

கோயம்புத்தூரில் கல்லூரிக் காலத்தில் பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப்பில்தான் என் சாயங்காலங்கள் போகும். கார்புரேட்டர் என்பது காற்றோடு பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கிற பாகம். அங்கே வந்த அம்பாசிடர், பியட் எல்லாவற்றிலும் நான் பார்த்த கார்புரேட்டருக்குக் காற்று போக ஒரே தொண்டைதான். மூச்சு எல்லாம் அதன் வழியாகத்தான். அது அடைத்தால் வண்டி திணறும், பெட்ரோல் வருகிற ஜெட் என்ற சின்னத் துளையைக் கழற்றி ஊதினால் சரியாகும். பிக்கப் இல்லை என்றால் ரேஸ் கொடுத்துப் பார்த்து, மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்புவார்கள். நான் கற்றது அவ்வளவுதான். கட்லஸின் ஏர் கிளீனர் மூடியைத் திறந்து பார்த்தபோது கீழே நாலு தொண்டை இருந்தது. முன்னால் இரண்டும் சின்னது, பின்னால் இரண்டும் பெரியது. இந்த ஊரில் பேரல் என்பார்கள். எனக்குத் தொண்டை என்ற சொல்தான் பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் சத்தமும் அதன் வழியாகத்தான் வருகிறது.

இதன் பெயர் குவாட்ராஜெட். ஜெனரல் மோட்டார்ஸின் ராச்செஸ்டர் பிரிவு 1965-இல் கொண்டு வந்து, 1990 வரை ஏதாவது ஒரு காரில் போட்டுக்கொண்டே இருந்தது. முன் தொண்டையின் அடிவாய் 1.38 அங்குலம். பின் தொண்டை 2.25 அங்குலம். விட்டத்தில் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. பரப்பைக் கணக்குப் போட்டால் பின் தொண்டை ஒன்று முன் தொண்டை ஒன்றைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். முன்னது பிரைமரி, பின்னது செகண்டரி. சாதாரணமாக ஓட்டும்போது பிரைமரி மட்டும் திறந்து மூடும். மிதியை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அமுக்கிய பிறகுதான் செகண்டரியின் அடிவாயை மூடியிருக்கிற தகடுகள் அசையவே ஆரம்பிக்கும்.

ஏன் இப்படி இரண்டு அளவு? ஒரே பெரிய தொண்டையாக வைத்துவிட்டால் என்ன? இந்தக் கேள்விக்குள்தான் மொத்த விஷயமும் இருக்கிறது.

கார்புரேட்டர் பெட்ரோலைத் தள்ளுவதில்லை. காற்றுதான் இழுக்கிறது. தொண்டையின் இடுக்கான பகுதியில், அதாவது வென்சுரியில், காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலின் மேல் வெளிக்காற்றின் முழு அழுத்தமும் இருப்பதால் அது ஜெட் வழியாக மேலேறி, காற்றில் தெறித்துப் பொடியாகிறது. ஆகக் காற்று வேகமாகப் போனால்தான் பெட்ரோல் வரும், பொடியாகவும் ஆகும். காற்று நிறையப் போய் வேகம் குறைந்தால், பெட்ரோல் சொட்டாக வரும், அல்லது வராமலே நிற்கும். கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டு ஒரே நேரத்தில் நாலு பாத்திக்கும் மடையைத் திறந்துவிட்டால் எந்தப் பாத்தியிலும் தண்ணீர் ஓடாது, தவழும். அதே கதைதான் இது.

என் இன்ஜின் 350 கன அங்குலம், அதாவது 5.7 லிட்டர். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை அந்த அளவுக் காற்றை உள்ளே இழுக்கும். நிமிடத்துக்கு 5,000 சுற்றில், முழுசாக நிரம்பினால், 14,000 லிட்டருக்குச் சற்று மேல். 20 லிட்டர் தண்ணீர் கேன் எழுநூறு, ஒரு நிமிடத்துக்குள். அதே இன்ஜின் நெடுஞ்சாலையில் ஒரே சீராக 55 மைலில் போகும்போது அதில் ஆறில் ஒரு பங்குகூடக் கேட்காது. 14,000 லிட்டருக்கு ஏற்ற தொண்டையை வைத்தால் 2,000 லிட்டரில் காற்று தவழும், பெட்ரோல் வராது. 2,000-க்கு ஏற்றதை வைத்தால் மேலே போகும்போது மூச்சு முட்டும். இரண்டு வேலையையும் ஒரு தொண்டையிடம் கொடுக்க முடியாது என்பதால்தான் செகண்டரி வந்தது.

இது குவாட்ராஜெட்டின் யோசனை மட்டும் இல்லை. 1941-லேயே பியூக் ஒரு இன்ஜினுக்கு இரண்டு கார்புரேட்டர் வைத்து, இரண்டாவது ஒன்றைத் தேவைப்படும்போது மட்டும் வேலைக்குக் கூப்பிட்டது. 1952-இல் பியூக் ரோட்மாஸ்டரில் நாலு தொண்டைக் கார்புரேட்டர் வந்தபோது இன்ஜின் 152 குதிரைச் சக்தியிலிருந்து 170-க்குப் போனது. பான்டியாக் ஜி.டி.ஓ.-வில் மூன்று கார்புரேட்டர்களை வரிசையாக வைத்தார்கள். டிரை-பவர் என்று பெயர். நடுவில் இருப்பது எப்போதும் வேலை செய்யும், இரண்டு பக்கமும் இருப்பவை மிதிக்கும்போது மட்டும். இன்றைக்கும் ஏலத்தில் அதற்குத்தான் விலை. ஆனால் ஒரு சங்கதி: 1966 டிரை-பவர் ஜி.டி.ஓ.-வுக்குக் கம்பெனி சொன்ன சக்தி 360. அடுத்த வருடம் டிரை-பவரை நிறுத்திவிட்டு, கொஞ்சம் பெரிதாக்கிய இன்ஜினில் ஒரே ஒரு குவாட்ராஜெட்டை வைத்தார்கள். அதன் உயர்ந்த வகைக்கும் 360-தான் சொன்னார்கள். மூன்று கார்புரேட்டரின் அழகு வேறு. அதை நான் மறுக்கவில்லை.

சரி, என் காருக்கு வருகிறேன்.

முதலில் செகண்டரி உண்மையிலேயே முழுசாகத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு இன்ஜினை ஓட விடவே கூடாது, நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும். மகளை உள்ளே உட்காரச் சொல்லி, நான் டார்ச்சோடு கார்புரேட்டரின் மேல் குனிந்தேன். "மிதி."

"முழுசா மிதிச்சுட்டேன்ப்பா."

பின் தகடுகள் நிமிர்ந்து நிற்கவில்லை, சாய்ந்தே இருந்தன. "இன்னும் மிதி" என்றேன். "இதுக்கு மேல போகல" என்றாள். போய்ப் பார்த்தால், மிதிக்கு அடியில் தடிமனான ஒரு ரப்பர் மேட். அதை எடுத்து வெளியே போட்டதும் தகடுகள் நேராக நின்றன. பழைய காரில் பவர் இல்லை என்று சொல்கிறவர்கள் இன்ஜினைப் பிரிப்பதற்கு முன்னால் காலுக்கு அடியில் இருப்பதை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. அதே போல, குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கிற சோக் மூடியிருக்கும் வரை செகண்டரி திறக்காமல் தடுக்க ஒரு சின்ன நெம்புகோல் பக்கவாட்டில் இருக்கும். குளிரில் இன்ஜினைக் காப்பாற்ற வைத்தது. அது அழுக்கில் ஒட்டிக்கொண்டால் இன்ஜின் சூடான பிறகும் பூட்டியபடியே இருக்கும். பல வருடம் செகண்டரி ஒரு தடவைகூடத் திறக்காமல் ஓடிய கார்கள் உண்டு. ஓட்டியவர்களுக்குத் தெரியவே தெரியாது.

என் காரில் பூட்டு சரியாக இருந்தது. திணறல் மேட்டால் வந்ததும் இல்லை. மேட்டை எடுத்த பிறகு அது இன்னும் மோசமானது, ஏனென்றால் இப்போது தகடு முழுசாகத் திறந்தது.

குவாட்ராஜெட்டின் உயிர் இருப்பது பின் தொண்டைகளின் மேல் வாயில் படுத்திருக்கிற ஒரு ஜோடித் தகட்டில். ஏர் வால்வு என்று பெயர். இதற்கும் மிதிக்கும் சம்பந்தமே இல்லை. காலால் திறப்பது கீழே இருக்கும் தகடுகளை மட்டும். மேலே இருப்பதைத் திறப்பது இன்ஜின். கீழ்த் தகடு திறந்ததும் இன்ஜினின் உறிஞ்சல் ஏர் வால்வின் அடிப்பக்கத்தைத் தொடுகிறது. அதன் அச்சு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி இருப்பதால், காற்றின் அழுத்தம் பெரிய பக்கத்தைக் கீழே அமுக்கித் திறக்கப் பார்க்கும். ஒரு சின்னச் சுருள் கம்பி மூடப் பார்க்கும். இந்த இழுபறியில், இன்ஜினுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் திறக்கும். அதனால்தான் இதே கார்புரேட்டரை 1966-இல் பான்டியாக்கின் 3.8 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜினிலும் போட முடிந்தது, 1970-இல் காடிலாக்கின் 8.2 லிட்டர் இன்ஜினிலும் போட முடிந்தது. காலுக்குப் பதிலாகக் காற்றையே முடிவெடுக்க விட்ட இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம், அதை வரைந்தவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

விரலால் அந்தத் தகட்டைக் கீழே அமுக்கிப் பார்த்தேன். அமுக்கும்போது கவனித்தால், மேலே ஒரு சின்ன பிளாஸ்டிக் கேம் சுழன்று, குறுக்குக் கம்பி ஒன்றைத் தூக்கும். அதில் இரண்டு பக்கமும் கோணி ஊசியை விட மெல்லிய இரண்டு கம்பிகள் தொங்கும். நுனி போகப் போக ஒல்லியாகக் கடைந்தவை. அவை இரண்டு துளைகளுக்குள் செருகி நிற்கின்றன. தகடு திறக்கத் திறக்கக் கம்பி மேலேறும், ஒல்லிப் பாகம் துளைக்கு வரும், பெட்ரோலுக்கு வழி பெரிதாகும். எவ்வளவு காற்றோ அவ்வளவு பெட்ரோல். குறுக்குக் கம்பியில் ஒரு ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் உயரத்தில் ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் 5 பங்குதான் வித்தியாசம். ஒரு தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். அந்த அளவில் இன்ஜினின் குணம் மாறும்.

நான் விரலை எடுத்ததும் தகடு டக்கென்று எழுந்து மூடியிருக்க வேண்டும். அது சோம்பலாக வந்து நின்றது. எனக்கு முன்னால் இந்தக் காரை வைத்திருந்த யாரோ சுருள் கம்பியைத் தளர்த்திவிட்டிருக்கிறார்கள். அதில் ஒரு நியாயமும் இருக்கிறது: தளர்த்தினால் சீக்கிரம் திறக்கும், சீக்கிரம் திறந்தால் சத்தம் வரும், சத்தம் வந்தால் பவர் வந்துவிட்டது என்று காது சொல்லும்.

அது மட்டும் இல்லை. ஏர் வால்வுக்கு ஒரு கடிவாளமும் உண்டு. கார்புரேட்டரின் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா, உள்ளே ரப்பர் சவ்வு. இன்ஜினின் வாக்குவம், அதாவது அதன் உறிஞ்சல், அதை இழுத்துப் பிடித்திருக்கும், ஒரு கம்பி வழியாக ஏர் வால்வையும் மூடியே வைத்திருக்கும். முழுசாக மிதிக்கும்போது வாக்குவம் போய்விடும். ஆனால் டப்பாவின் துளை ஊசிமுனை அளவு என்பதால் காற்று உள்ளே மெல்லத்தான் நுழையும். கடிவாளம் ஒன்றிரண்டு விநாடியில் தளரும். அந்த இடைவெளியில்தான் பெட்ரோல் காற்றோடு வந்து சேர்ந்துகொள்கிறது. இதைச் சோதிக்கக் கருவி வேண்டாம். சவ்வின் கம்பியை உள்ளே தள்ளி, குழாய் மாட்டும் வாயை விரலால் மூடி, கம்பியை விட்டுப் பார்த்தால் போதும். உள்ளேயே நின்றால் நல்ல சவ்வு. என்னுடையது உடனே வெளியே வந்துவிட்டது. சவ்வு கிழிந்திருந்தது.

ஆக, நான் மிதித்ததும் நடந்தது இதுதான். பெரிய தொண்டை இரண்டும் ஒரே அடியில் திறந்துகொண்டன. காற்று கொட்டியது. வேகம் போய்விட்டதால் பெட்ரோல் வரவில்லை. பெட்ரோல் இல்லாத காற்று எரியாது. இன்ஜின் ஒரு விநாடி செத்துப் பிழைத்தது. அப்புறம் சுற்று ஏறி, காற்றின் வேகம் கூடி, பெட்ரோல் வந்து சேர்ந்ததும் பவர் மொத்தமாகத் திரும்பி வந்தது. என் முதுகில் விழுந்த உதை அந்தத் திரும்பி வருதல்தான். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறினால் மேடு உயரமாகத்தான் தெரியும். உடம்புக்கு வேகம் தெரியாது, மாற்றம்தான் தெரியும். குவாட்ராஜெட்டுக்கு இந்த ஊரில் திணறலை வைத்தே ஒரு கேலிப் பெயர் உண்டு. நான் பார்த்த வரையில் அதற்குக் காரணம் அந்தக் கார்புரேட்டர் அல்ல. சத்தத்துக்காகச் சுருள் கம்பியைத் தளர்த்துகிற கைகள்தான்.

புதிய சவ்வு டப்பாவை மாட்டினேன். சுருள் கம்பியின் பூட்டுத் திருகைத் தளர்த்தி, தகடு சரியாக மூடும் இடம் வரை கொண்டு வந்து, அங்கிருந்து முக்கால் சுற்று முறுக்கி, மறுபடி பூட்டினேன். வேலை அரை மணி நேரம்கூட இல்லை. அதற்கான சின்ன ஆலன் சாவியைத் தேடியதுதான் நேரம்.

மறுநாள் அதே சாலை, அதே மகள், அதே போன். மிதித்தேன். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. உதை இல்லை. கார் ஏதோ ஒரு நீளமான மூச்சை இழுத்துக்கொண்டே போன மாதிரி இருந்தது. கெடுத்துவிட்டோமோ என்று மகளைப் பார்த்தேன். "முன்னாடியைவிட ஒரு செகண்டு கம்மி" என்றாள். திரும்ப ஓட்டினோம். அதேதான்.

இப்போது சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

செகண்டரி திறக்கும்போது வரும் ஊதலைப் பலரும் சைலன்சர் சத்தத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அது முன்னால் வருகிற சத்தம், உள்ளே இழுக்கிற சத்தம். எட்டு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு நாலு தடவை ஏதாவது ஒரு சிலிண்டர் காற்றை விழுங்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் விநாடிக்கு 200 விழுங்கல். ஒவ்வொரு விழுங்கலும் ஒரு அழுத்த அலையை மேலே அனுப்பும். கார்புரேட்டரின் தகடு மூடியிருக்கும் வரை அந்த அலை வெளியே வர வழியில்லை. ஐடிலில் இருக்கும்போது குனிந்து கேட்டால் வெறும் 'ஸ்ஸ்' என்ற சீறல் மட்டும் கேட்கும், இடுக்கில் காற்று நுழைகிற சத்தம். பிரைமரி திறந்தால் கொஞ்சம் குரல் வரும். செகண்டரி திறந்தால் கதவே இல்லாத வீடு மாதிரி ஆகிவிடும். விநாடிக்கு 200 தடவை, 250 தடவை, 300 தடவை என்று அந்த அலைகள் நேராக வெளியே வரும். ஆண் குரலைவிடக் கொஞ்சம் மேலே, அடிவயிற்றில் உணர்கிற ஸ்தாயி அது. குவாட்ராஜெட்டில் அதோடு ஏர் வால்வின் விளிம்பை உரசிக்கொண்டு போகிற காற்றின் முனகலும் சேரும். சங்கின் வாயில் உதடு வைக்கும் கோணத்தைக் கொஞ்சம் மாற்றினால் நாதம் மாறுவது போல, தகடு சாயச் சாய அந்த முனகலும் மாறிக்கொண்டே போகும்.

பழுது பார்ப்பதற்கு முன்னால் என் காரில் இரண்டு சத்தம் இருந்தது. ஒரு சின்ன சத்தம், ஒரு பெரிய சத்தம், நடுவில் ஒரு குழி. இப்போது ஒரே சத்தம்தான், அது கீழிருந்து மேலே ஏறுகிறது. மில் சங்கும் அப்படித்தான் ஏறும். முதல் நாள் எனக்கு அதை ஞாபகப்படுத்தியது வெறும் கனம்தான். ஏற்றம் இப்போதுதான் வந்திருக்கிறது.

சத்தத்துக்காக மட்டும் செய்கிற இன்னொரு வேலையும் இங்கே வழக்கம். ஏர் கிளீனரின் மூடியைக் கழற்றித் தலைகீழாக மாட்டுவது. மூடிக்கும் தட்டுக்கும் நடுவே சுற்றிலும் இடைவெளி விழும். காற்று மூக்குக்குழாய் வழியாக வராமல் எல்லாப் பக்கமிருந்தும் நுழையும். சத்தம் அடித்துக்கொண்டு வெளியே வரும், கேட்டால் மெய்சிலிர்க்கும். நானும் ஒரு வாரம் ஓட்டினேன். ஆனால் அப்போது இன்ஜின் குடிப்பது பானட்டுக்கு அடியில் வெந்துபோன காற்றை. வெளியே இருப்பதைவிட 30 டிகிரி சூடாக இருந்தால் காற்றின் அடர்த்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும். காதுக்குக் கூடியது, சக்கரத்துக்குக் குறைந்தது. மறுபடி நேராக மாட்டிவிட்டேன்.

ஹாலி என்ற இன்னொரு கம்பெனியின் கார்புரேட்டரை வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் சண்டைக்கு வருவார்கள் என்பது தெரியும். என் நண்பர் ஒருவர், மதுரைக்காரர், டெட்ராய்ட் பக்கம் இருக்கிறார். 1968 மஸ்டாங் வைத்திருக்கிறார், அதில் ஹாலிதான். அவருடையது வாக்குவம் செகண்டரி. அங்கே ஏர் வால்வு கிடையாது. பிரைமரி வென்சுரியில் காற்று வேகம் பிடித்த பிறகு, அந்தக் குறைந்த அழுத்தமே ஒரு சவ்வை இழுத்துப் பின் தகடுகளைத் திறக்கும். எதிர்த்து நிற்கும் ஸ்பிரிங்கை மாற்றிப் போடலாம். நிறத்தை வைத்து அடையாளம்: வெள்ளை மிக மெல்லியது, கறுப்பு மிகக் கெட்டியானது. "நம்ம வண்டி ரேஸ் குடுத்தா செகண்டரியே தெறக்க மாட்டேங்குதுங்க, ஏதோ அடைச்சிருக்கு போல" என்று ஒரு நாள் போன் செய்தார். நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்தால் அது திறக்காது, திறக்கவும் கூடாது. சுமை இல்லாத இன்ஜினுக்கு அவ்வளவு காற்று தேவையில்லை. பேப்பர் கிளிப் ஒன்றை எடுத்துச் சவ்வின் கம்பியில் மாட்டி, டப்பாவை ஒட்டித் தள்ளி வைத்துவிட்டு, ரோட்டில் ஒரு தடவை முழுசாக மிதித்து ஓட்டிவிட்டு வந்து பாருங்கள் என்றேன். கம்பி எவ்வளவு தூரம் போனதோ அவ்வளவு தூரம் கிளிப்பையும் தள்ளி விட்டுவிட்டுத் திரும்பியிருக்கும். அன்றைக்கு ராத்திரியே போட்டோ அனுப்பினார். கிளிப் கம்பியின் நுனியில் நின்றது. முழுசாகத் திறந்திருக்கிறது. அவருக்கு ஓட்டும்போது தெரியவே இல்லை.

இன்னொரு வகை ஹாலியில் பின் தகடுகளை நேராக மிதியே திறக்கும். காற்று கொட்டும் அந்தக் கணத்தைச் சமாளிக்கப் பின்னாலும் ஒரு பம்ப் வைத்து, பெட்ரோலைப் பீய்ச்சி அடிப்பார்கள். டபுள் பம்பர். எடை குறைந்த கார், கையால் மாற்றும் கியர், சுற்று எப்போதும் மேலேயே இருக்கிற இன்ஜின் என்றால் அதற்கு இணை இல்லை. என் கட்லஸ் மாதிரி கனமான ஆட்டோமேடிக் காரில், 1,800 சுற்றில் போய்க்கொண்டிருக்கும்போது அதை மாட்டி மிதித்தால், எனக்கு நடந்ததே நடக்கும். அதை ஓட்டுகிறவரின் கால்தான் ஏர் வால்வாக இருக்க வேண்டும். பழகிய காலுக்கு அது சுகம். எனக்கு அந்தக் கால் இல்லை, மகளுக்கு வரலாம்.

இப்போது வருகிற கார்களில் இந்தச் சத்தம் இல்லை என்று வருத்தப்படுகிறவர்களில் நானும் ஒருவன். 2011-இல் வந்த பி.எம்.டபிள்யூ எம்5-இல் இன்ஜின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாக உள்ளே ஒலிக்க விட்டார்கள். நல்ல கார், பிரமாதமான இன்ஜின். ஆனால் எனக்குப் பிடித்தது காற்று ஒரு வேலையைச் செய்துகொண்டே எழுப்புகிற சத்தம். அந்த வேலை சரியாக நடக்கிறதா என்பதையும் அதே சத்தம் சொல்லும்.

போன மாதம் மகளுக்கு லைசென்ஸ் வந்தது. கட்லஸை அவளிடம் கொடுத்துவிட்டு, அந்தச் சாலையின் ஓரத்தில் நான் இறங்கி நின்றேன். வெளியிலிருந்து என் காரைக் கேட்டதே இல்லை. தூரத்தில் திரும்பி வந்தாள். 30 மைல் இருக்கும். மிதித்துவிட்டாள் என்பது தெரிந்தது, முன்பக்கம் கொஞ்சம் எழும்பியது. என்னைத் தாண்டும்போது சைலன்சர் சத்தம் காதை நிறைத்தது. ஊதல் எங்கே என்று தேடினேன். முன் கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் கேட்பது போலிருக்கிறது அது.

சுற்றிக்கொண்டு வந்து நிறுத்தினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"செகண்டரி தெறந்துச்சே, கேட்டுச்சாப்பா?"

"இல்லம்மா. எந்த இடத்துல தெறந்துச்சு?"

யோசித்தாள். "தெரியலப்பா. சத்தம் ஏறிட்டே போச்சு" என்றாள்.